உப்புக் காற்றில் ஓட வேண்டிய கணினிக்கு ஒரு மதர்போர்டு: எம்.எஸ்.ஐ. ப்ரோ பி650எம்-ஏ வைஃபை, எட்டு மாதம் கழித்து

வேதாரண்யத்தில் கல்யாண போட்டோ, வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. கார்த்திகையில் கட்டிய புதுக் கணினியின் மதர்போர்டைப் பற்றித்தான் இது. சிப் (கணினியின் மூளையான சி.பி.யு.), கிராபிக்ஸ் கார்டு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எல்லாவற்றையும் மாட்டும் பலகைதான் மதர்போர்டு, சுருக்கமாகப் போர்டு. கடலோரத்தில் இருப்பவர்கள் போர்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்று தமிழில் தேடினேன், எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பழைய கணினி ஐப்பசி மழையில் போனது. மின்னல் இல்லை, தண்ணீர் இறங்கவில்லை. முதலில் பின்பக்க யு.எஸ்.பி. ஒன்று வேலை செய்யவில்லை, பத்து நாளில் இன்னொன்று, அப்புறம் நெட் கேபிள் போடும் இடம். ஒருநாள் காலையில் ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் தம்பி போன் செய்து "அண்ணே, ஃபேன் சுத்துது, படம் வரமாட்டேங்குது" என்றான். போர்டு வாங்கி இரண்டரை வருடம்தான், மூன்று வருட வாரண்டி இருக்கிறது என்று தைரியமாகத் திருச்சிக்கு எடுத்துப் போனேன். சர்வீஸ் சென்டரில் லென்ஸ் வைத்துக் காட்டினார்கள். நெட் போர்ட்டுக்குப் பக்கத்துச் சிப்பின் கால்களில் பச்சையாகக் களிம்பு. பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்க்காமல் விட்டால் பிடிக்குமே, அதே பச்சை. "சார், இது அரிப்பு, வாரண்டியில வராது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போகவர ஒரு நாள் முழுக்கப் போனது, கையில் இரண்டு கல்யாண ஆல்பம் பாக்கி.

ஊரைச் சுற்றி உப்பளம், கிழக்கே கடல். இங்கே ஜன்னல் கம்பிக்கு நேர்வதுதான் போர்டுக்கும் நேர்கிறது. ரேமோ எஸ்.எஸ்.டி.யோ போனால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம், போர்டு போனால் கணினியையே பிரித்து மறுபடி கட்ட வேண்டும். ஆற்றுத் தண்ணீர் மாதிரியே சர்வீஸும் கடைமடைக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். அதனால் இந்த முறை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் போர்டைத்தான் முடிவு செய்தேன்.

முதல் கேள்வி, எந்த சாக்கெட், அதாவது சிப் உட்காரும் இடம் எந்த வகை. திருச்சியில் இருக்கும் நண்பன் இன்டெல்தான் வாங்கச் சொன்னான். "மாப்ள, வீடியோ வேலைக்கு குயிக் சிங்க் இருக்கு, வேற எதையும் பார்க்காதே." அவன் சொன்னதில் நியாயம் உண்டு. 4:2:2, 10 பிட்டில் (நிற விவரம் கூடுதலாகப் பதியும் முறை) படம் எடுக்கிறவர்களுக்கு, வீடியோவைக் கையாள இன்டெல் சிப்புக்குள் தனியாக இருக்கும் அந்தப் பகுதி உண்மையிலேயே பெரிய உதவி, அப்படி எடுப்பவர்கள் இன்டெல்லையே பாருங்கள். நான் எடுப்பது 4:2:0, 8 பிட். அதை என் கிராபிக்ஸ் கார்டே பார்த்துக்கொள்ளும். இன்னொரு விஷயம், இன்டெல்லின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட் 12, 13, 14-ஆம் தலைமுறைச் சிப்களோடு முடிந்துவிட்டது, 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா வேறு சாக்கெட். 13, 14-ஆம் தலைமுறைச் சிப்கள் சில நிலையில்லாமல் போவதை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024-இல் திருத்தம் வெளியிட்டு வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டிக் கொடுத்தது. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட் 2022-இல் வந்தது, 2027 வரைக்கும் அதற்கு மேலும் தொடரும் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நாலு வருடம் கழித்துப் போர்டைக் கழற்றாமல் சிப்பை மட்டும் மாற்ற முடிந்தால் எனக்கு அதுவே பெரிய மிச்சம். அதனால் ஏ.எம்.5, அதில் எட்டு கோர் ரைசன் 7 7700 சிப்.

அடுத்து சிப்செட், அதாவது போர்டிலேயே இருக்கும் துணைச் சிப், போர்டின் ரகத்தைச் சொல்வது அதுதான். ஏ620 மலிவு, ஆனால் அந்த விலைப் போர்டுகள் பலவற்றில் சிப்புக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதியின் மேல் ஹீட்சிங்கே (சூட்டை இழுக்கும் அலுமினியக் கட்டி) இருக்காது. பில் போடவும் ஆபீஸ் வேலைக்கும் அது போதும். சித்திரை வெயிலில், ஏசி இல்லாத அறையில், மூன்று மணி நேரம் விடாமல் ரெண்டர் (எடிட் செய்த வீடியோவை முழுப் படமாக்கும் வேலை) ஓடும் இடத்துக்கு அது சரிப்படாது. எக்ஸ்670 எனக்குத் தேவையில்லாத செலவு. நடுவில் பி650. போர்டைப் பார்க்கும்போது விளக்கு எரிகிறதா, கவசம் போட்ட மாதிரி இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், சிப் சாக்கெட்டுக்கு இடப்பக்கமும் மேலேயும் கனமான அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் போர்டில் இரண்டு பக்கமும் இருக்கிறது.

வாங்கியது சென்னை ரிச்சி தெருவில், 17,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக. முதல் கடையில் நான் கேட்டதை விட்டுவிட்டு வேறொரு போர்டையே திரும்பத் திரும்பக் கையில் திணித்தார்கள், பெட்டியைப் பிரித்துக் காட்டவும் மாட்டோம் என்றார்கள், எழுந்து வந்துவிட்டேன். இதில் யாரும் கூச்சப்படக் கூடாது. ஏ.எம்.5-இல் பின்கள் சிப்பில் இல்லை, போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, 1718 மெல்லிய பின்கள், ஒன்று வளைந்திருந்தாலும் வீட்டுக்கு வந்தபின் யார் வளைத்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இரண்டாவது கடைக்காரர் அவராகவே மூடியைத் திறந்து, போன் டார்ச் அடித்து, நாலு பக்கமும் சாய்த்துக் காட்டினார், பில்லில் சீரியல் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். அன்று இரவே மன்னை எக்ஸ்பிரஸ், பெட்டி மடியிலேயே வந்தது, மன்னார்குடியில் இறங்கித் திருத்துறைப்பூண்டி வழியாகப் பஸ்.

கட்டும்போது ஒரே ஒரு இடத்தில் பயந்துவிட்டேன். பவர் கொடுத்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. பழைய போர்டு செத்த காலை அப்படியே கண் முன்னால் வந்தது. டி.டி.ஆர்.5 ரேம் முதல் முறை போடும்போது போர்டு அதைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை படம் வராது. ஓரத்தில் சி.பி.யு., ரேம், கிராபிக்ஸ், பூட் என்று நாலு குட்டி விளக்குகள் இருக்கின்றன, எதில் நிற்கிறது என்று அவை சொல்லும். ரேம் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, காத்திருந்தேன், நாலைந்து நிமிடத்தில் படம் வந்தது. அந்த நேரத்தில் பதறி ஆஃப் செய்துவிடாதீர்கள்.

ரேமுக்கு நாலு ஸ்லாட் இருக்கிறது, ஆனால் இரண்டு ரேம் மட்டும் போடுங்கள், சிப்பிலிருந்து எண்ணினால் 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட்டில். ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ரேம் போட்டால் ரேமின் வேகம் 5200, நாலு போட்டால் 3600 என்றுதான் ஏ.எம்.டி.யின் கணக்கு. பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று 16 ஜி.பி.யில் ஆரம்பிக்காமல், தேவையான அளவை முதலிலேயே ஜோடியாக வாங்குவது நல்லது.

பயாஸ் (கணினியை எழுப்பும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பொத்தானையும் சொல்ல வேண்டும். போர்டு கடையில் ரொம்ப நாள் இருந்ததாக இருந்து, நீங்கள் வாங்கும் சிப் 2024-இல் வந்த ரைசன் 9000 வரிசையாக இருந்தால், போர்டுக்கு அந்தச் சிப்பைத் தெரியாமல் போகலாம். பின்பக்கத்தில் ஃப்ளாஷ் பயாஸ் பொத்தான் இருக்கிறது. பென் டிரைவில் ஃபைலைப் போட்டு, அது கேட்கும் பெயரை வைத்து, பவர் மட்டும் கொடுத்து அழுத்தினால் சிப் இல்லாமலே பயாஸ் ஏறிவிடும். பக்கத்தில் சர்வீஸ் கடை இல்லாத ஊருக்கு இந்தப் பொத்தான் இல்லாத போர்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வைஃபை உள்ள மாடலை எடுத்ததும் ஊரை நினைத்துத்தான், மழைக்காலத்தில் ஃபைபர் அறுந்தால் போன் ஹாட்ஸ்பாட்டில் ஆல்பம் அனுப்ப வேண்டும்.

எட்டு மாதத்தில் தை, மாசி, வைகாசி முகூர்த்தம் மூன்றையும் பார்த்துவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் முழு ரெண்டர் ஓடும்போது போர்டின் மின்சாரப் பகுதி 60 டிகிரியை ஒட்டி நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை. ஒருமுறைகூட நடுவில் நிற்கவில்லை.

குறையும் உண்டு. எஸ்.எஸ்.டி.யை நேராகப் போர்டில் செருகும் எம்.2 இடம் இரண்டுதான், ஒன்றில் விண்டோஸ், ஒன்றில் நடப்பு வேலை, மூன்றாவதுக்கு வழியில்லை. ஹார்டு டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா இடம் நாலு, பழைய கல்யாணங்கள் இருக்கும் நாலு ஹார்டு டிஸ்க்கை மாட்டியதும் நிறைந்துவிட்டது. என்னை மாதிரிப் பழைய டிஸ்க்குகளைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்கள் சாட்டா ஆறு உள்ள பெரிய போர்டைப் பாருங்கள், கேபினெட்டும் பெரிதாக வேண்டும்.

உப்புக்கு எந்தப் போர்டும் தப்பாது, இதுவும் தப்பாது. அதனால் கேபினெட்டைக் கிழக்கு ஜன்னலிலிருந்து உள்சுவர்ப் பக்கம் மாற்றினேன், தரையில் வைக்காமல் முக்காலி மேல். பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி, சில்லறை விலைதான். வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரம் ஓட விடுகிறேன், சூடு இருந்தால் ஈரம் தங்காது. மழைக்காலத்தில் நாள்கணக்கில் நிறுத்தி வைக்க நேர்ந்தால் கேமரா பெட்டியில் போடும் அதே சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கேபினெட்டுக்குள்ளும் வைத்து மூடிவிட வேண்டும். யு.பி.எஸ். இல்லாமல் ஓட்டவே கூடாது. கரண்ட் வந்ததும் கணினி தானாக எழும் அமைப்பைப் பயாஸில் அணைத்தே வைத்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கம் கரண்ட் ஒரே தடவையில் வந்து நிற்பதில்லை. 2018 நவம்பர் 16 கஜாவுக்கு அப்புறம் ஊரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, வந்தபோதும் தயங்கித் தயங்கித்தான் வந்தது, அன்று பிடித்த பழக்கம்.

ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி பக்கப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். ஆடி ஒன்றாம் தேதி பார்த்தேன், நெட் போர்ட் பக்கத்துச் சிப்பின் கால்கள் இன்னும் வெள்ளி மாதிரி பளிச்சென்று இருக்கின்றன.