ஏபிஐ 20ஈ ஸ்ட்ரிப்: மால்டி-டாஃப் இல்லாத லேபுக்கு இன்றும் சரிப்படுமா?

சரிப்படும், நுணுக்கமாகச் செய்தால். பயோமெரியூ நிறுவனத்தின் இந்த ஸ்ட்ரிப் குடல்வகை கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவை இனங்காண்பதற்கு. அதில் உலர்ந்த வேதிப்பொருள் உள்ள 20 குட்டிக் குழாய்கள் உண்டு. தனியாகச் செய்யும் ஆக்சிடேஸ் என்சைம் சோதனையையும் சேர்த்தால் 21 சோதனை. மால்டி-டாஃப் (புரதங்களின் நிறையை அளந்து பாக்டீரியாவை இனங்காணும் கருவி) போன்ற மெஷின் வேண்டாம், இன்குபேட்டர் போதும்.

தனியாக வளர்ந்த ஒரே காலனியை 5 மிலி ஸ்டெரைல் சலைனில் கலக்க வேண்டும். பக்கத்துக் காலனி கொஞ்சம் ஒட்டி வந்தாலும் போச்சு. மறுநாள் எந்த பாக்டீரியாவுக்கும் பொருந்தாத முடிவு எண் வரும். அதனால் மிச்சக் கரைசலில் ஒரு துளியை, கலப்பு இருக்கிறதா என்று பார்க்க, அன்றே பிளேட்டில் இழுத்து வைப்பது நல்லது. ஸ்ட்ரிப்பை வைக்கும் தட்டின் குழிகளில் தண்ணீர் ஊற்றாவிட்டால் ஸ்ட்ரிப் காய்ந்துவிடும்.

அதிகம் சொதப்புவது நிரப்புவதில்தான். சிட்ரேட், விபி, ஜெலட்டின் என்ற மூன்று சோதனைகளுக்கும் குழாயோடு மேல் கிண்ணமும் நிறைய வேண்டும். ஏடிஎச், எல்டிசி, ஓடிசி (மூன்றும் அமினோ அமிலத்தை உடைக்கும் என்சைம்களுக்கானவை), எச்2எஸ், யூரியேஸ் ஐந்துக்கும் குழாய் மட்டும், மேலே மினரல் ஆயில். ஆயில் விட்டுப்போனால் காற்றுப் பட்டு பெப்டோன் (புரதச் சத்து) சிதைந்து காரத்தன்மை (அல்கலைன்) வரும். எல்டிசி, ஓடிசி பொய்யாகச் சிவக்கும். பிப்பெட்டைக் குழாயின் ஓரத்தில் சாய்த்து விட்டால் குமிழி வராது.

36 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம். குளுக்கோஸையும் சேர்த்து மூன்றுக்குக் குறைவாகவே பாசிட்டிவ் என்றால் ரீஏஜென்ட் (நிறம் காட்டும் சோதனைக் கரைசல்) விடாமல் இன்னும் 24 மணி நேரம் வைக்கணும். அப்படி நீட்டித்த ஸ்ட்ரிப்பில் எல்டிசி, ஓடிசி ஆரஞ்சாக இருந்தால் நெகட்டிவ். முதல் நாளில் அதே ஆரஞ்சு பாசிட்டிவ். புதியவர்கள் குழம்பும் இடம் இது.

டிடிஏ குழாய்க்கு அதன் ரீஏஜென்ட் ஒரு துளி. செம்பழுப்பு உடனே வரும். விபி குழாயில் விபி1, விபி2 ரீஏஜென்ட்களை விட்டுப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும், லேசான இளஞ்சிவப்பு கணக்கில் சேராது. இண்டோலுக்கான ஜேம்ஸ் ரீஏஜென்ட் கடைசியில்தான், ஏனென்றால் அதன் ஆவி மற்ற குழாய்களைக் கெடுக்கும். ஆக்சிடேஸை மெக்கான்கி என்ற வளர்ப்பு ஊடகப் பிளேட்டில் இருந்து எடுத்துப் பார்க்கவே கூடாது.

பாசிட்டிவ்களுக்கு மும்மூன்றாக 1, 2, 4 என்று மதிப்பிட்டுக் கூட்டினால் ஏழு இலக்கம் வரும். 5144572 ஈ. கோலை, 5215773 கிளெப்சியெல்லா நிமோனியே. கன்ட்ரோல் ஸ்ட்ரெயினில் அதற்குரிய எண் வராவிட்டால் ஸ்ட்ரிப்பைச் சந்தேகிக்கும் முன் ஆயிலையும் ரீஏஜென்ட்டின் காலாவதியையும் பாருங்கள்.

ஷிகெல்லாவையும் மந்தமான ஈ. கோலையையும் இது நம்பகமாகப் பிரிக்காது. (மால்டி-டாஃபும் அதில் திணறும்.) சால்மொனெல்லா என்று எண் சொன்னாலும் ஆன்டிசீரம் போட்டுத்தான் ரிப்போர்ட் தர வேண்டும். ஆக்சிடேஸ் பாசிட்டிவ், குளுக்கோஸை நொதிக்காதது என்றால் குடல்வகை அல்லாத கிராம்-நெகட்டிவ்களுக்கான 20என்ஈ ஸ்ட்ரிப்பை எடுங்கள். அதிலும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை சில நேரம் குரோமோபாக்டீரியம் என்று வேறு பெயரில் வரும். அதனால் வரும் மீலியாய்டோசிஸ் என்ற கடும் தொற்று தமிழ்நாட்டிலும் உண்டு. சந்தேகம் இருந்தால் காலனியைத் திறந்த மேசையில் கையாளாமல் பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் கொண்டுபோய், ரெஃபரன்ஸ் லேபுக்கு அனுப்புங்கள்.