படர்தாமரைக்குக் குளோட்ரிமசோலா, டெர்பினாஃபைனா?

சென்ற ஆண்டு இறுதியில், விடாமல் மழை பெய்த நாள்களில், என் வலது தொடையின் உட்பக்கத்தில் ஒரு வட்டம் தோன்றியது. ஐம்பது காசு நாணய அளவுதான் இருக்கும். நடுவில் தோல் ஏறக்குறையத் தெளிவாக இருந்தது. ஓரம் மட்டும் சிவந்து, சற்றே மேடாகி, மாவு தூவியதைப்போல் பொருக்குத் தட்டியிருந்தது. சிங்கப்பூரின் துவாஸில் பகல் முழுவதும் பாதுகாப்புக் காலணியும் தடித்த காற்சட்டையும் போட்டுக்கொண்டு வேலை செய்கிறவன் நான். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே இடது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் தோல் வெளுத்து ஊறிப்போய் அரித்துக்கொண்டிருந்தது. சேற்றுப்புண்தானே என்று விட்டுவிட்டேன். காலில் இருக்கும் பூஞ்சை துண்டு வழியாகவும், உள்ளாடையைக் கால் வழியே மாட்டும்போதும் தொடைக்கு ஏறிவிடும் என்று பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நான்கு மாதங்களில் எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டில் மூன்று வகைக் களிம்புகள் புழங்கின. அவற்றில் எது எதற்கு என்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும். படர்தாமரைக்கும் விரலிடுக்குப் புண்ணுக்கும் என் கை டெர்பினாஃபைன் பக்கம்தான் போகும். அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன்.

முதலில் மேலோட்டமான வேறுபாடுகளைச் சொல்லிவிடுகிறேன். குளோட்ரிமசோலைப் பலர் கேனஸ்டன் என்ற பெயரிலும், டெர்பினாஃபைனை லாமிசில் என்ற பெயரிலும் அறிந்திருப்பார்கள். இரண்டையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்தாளரிடம் கேட்டு வாங்கலாம். இரண்டும் பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக் களிம்புகள். பூசிய இடத்தில் சிலருக்கு லேசான எரிச்சல் வரும். குளோட்ரிமசோல் எனக்குப் பத்து வெள்ளிக்குள் முடிந்தது. டெர்பினாஃபைன் சிறிய டியூப். விலை ஏறக்குறைய இரு மடங்கு. விலையைப் பார்த்து நான் முதலில் வாங்கியது குளோட்ரிமசோலைத்தான்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த தாளை அன்றே முழுதாகப் படித்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பூச வேண்டும்; அரிப்பும் சிவப்பும் அடங்கிய பிறகும் ஏறக்குறைய இரண்டு வாரம் தொடர வேண்டும். மொத்தத்தில் கணக்குப் பார்த்தால் மூன்று, நான்கு வாரம் ஆகிவிடும். காலை ஆறு மணிக்கு நிறுவனப் பேருந்தில் ஏறுகிறேன். இரவு எட்டுக்கு வீடு திரும்புகிறேன். நடுப்பகலில் வேலையிடத்துக் கழிப்பறையில் காலணியைக் கழற்றி, காலைக் கழுவித் துடைத்து, உலர விட்டுக் களிம்பு பூசுவது நடக்கிற காரியமில்லை. இரவு ஒரு முறை பூசினேன், நினைவிருந்தால் காலையிலும். ஒன்பதாம் நாள் அரிப்பு நின்றது. வட்டம் மங்கியது. நானும் நிறுத்திவிட்டேன். மூன்றாவது வாரம் அதே இடத்தில் வட்டம் மீண்டும் எழுந்தது. இந்த முறை ஐம்பது காசு அளவாக இல்லை. உள்ளங்கையில் பாதி இருந்தது.

குளோட்ரிமசோல் மோசமான மருந்து என்று இதற்குப் பொருளில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் முழுவதும் பயன்படும் மருந்து அது. சொன்னபடி சொன்ன நாள்வரை பூசியவர்களுக்குக் குணமாகிறது. ஆனால் அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூசுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? எனக்குத் தெரிந்த வட்டாரத்தில், தங்குவிடுதியில் இருக்கும் தம்பிகள் முதல் தேசிய சேவையில் இருக்கும் என் அக்காள் மகன்வரை, எல்லோரும் அரிப்பு நின்ற அன்றே டியூபை மூடி வைத்தவர்கள்தான்.

நாள் கணக்கில் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பது மருந்து வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. பூஞ்சையின் உயிரணுவைச் சுற்றியிருக்கும் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருள் தேவை. பூஞ்சை அதைப் படிப்படியாகத் தயாரித்துக்கொள்கிறது. குளோட்ரிமசோல் அந்தத் தொடரில் பின்னால் வரும் ஒரு படியை அடைக்கிறது. அது பெரும்பாலும் பூஞ்சையை வளரவிடாமல் நிறுத்தி வைக்கிறது. அதாவது, பூஞ்சை குடியிருக்கும் மேல்தோல் தானாக உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை காவல் இருக்க வேண்டும். மேல்தோல் முழுதாக மாற ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். நடுவில் காவலை எடுத்தால் மிச்சமிருப்பது மறுபடி கிளம்பிவிடும். டெர்பினாஃபைன் அதே தொடரில் முன்னதாக வரும் ஒரு படியை அடைக்கிறது. எர்கோஸ்டெரால் கிடைக்காமல் போவதோடு, ஸ்குவாலீன் என்ற பொருள் உயிரணுவுக்குள் தேங்கிப் பூஞ்சையைக் கொன்றுவிடுகிறது. பூசுவதை நிறுத்திய பிறகும் மருந்து மேல்தோலில் சில நாள் தங்கியிருக்கிறது. அதனால்தான் விரலிடுக்குக்கு ஒரு வாரம், உடம்புக்கும் தொடைக்கும் ஒன்று முதல் இரண்டு வாரம் என்று அதன் தாளில் எழுத முடிகிறது. பூசுவதும் நாளுக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறைதான்.

வட்டம் திரும்பிய பிறகு டெர்பினாஃபைன் வாங்கினேன். இரவு குளித்து முடித்ததும் ஒரு முறை, அவ்வளவுதான். ஏழு இரவுகள் தவறவில்லை. தொடைக்கு மட்டும் இன்னும் ஐந்து இரவுகள் சேர்த்துக்கொண்டேன். ஏழாம் நாள் வட்டம் முழுதாக மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிவப்பு இருந்தது, பொருக்குதான் இல்லை. மூன்றாவது வாரத்தில் பழுப்பு நிறத் தடம் மட்டும் மிஞ்சியது. இப்போது அதுவும் தேடினால்தான் தெரிகிறது. சேற்றுப்புண்ணும் திரும்ப வரவில்லை. முடிக்க முடிகிற மருந்தைத்தான் நான் நல்ல மருந்து என்பேன். விலையில் இரு மடங்கு கொடுத்தாலும் ஒரே டியூபில் முடிந்தது. குளோட்ரிமசோலில் ஒழுங்காக நான்கு வாரம் ஓட்டியிருந்தால் எனக்கு இரண்டு டியூப் ஆகியிருக்கும்.

பூசும் முறையில் நான் கற்றுக்கொண்டவை எந்தக் களிம்புக்கும் பொருந்தும். ஆள்காட்டி விரலின் நுனிமுதல் முதல் மடிப்புவரை பிதுக்கினால் வரும் களிம்பு, ஏறக்குறைய அரை கிராம், இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். வட்டத்தின் மேல் மட்டும் தடவினால் போதாது. கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர்வரை தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை ஓரத்துக்கு வெளியேதான் முன்னேறிக்கொண்டிருக்கிறது. பூசுவதற்கு முன் தோல் உலர்ந்திருக்க வேண்டும். விரலிடுக்கை நான் கழிப்பறைத் தாளால் ஒற்றி எடுக்கிறேன். துண்டைக் காலுக்குப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டேன். காலில் புண் இருக்கும் வரை காலுறையை மாட்டிய பிறகுதான் உள்ளாடை. இரண்டு சோடிக் காலணிகளை நாள் மாற்றி நாள் போடுகிறேன். சிங்கப்பூரின் ஈரத்தில் ஒரே காலணி ஓர் இரவில் உலர்ந்துவிடுவதில்லை. உள்ளே கையை விட்டுப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது களிம்பு எங்கள் வீட்டுக்குள் வந்தது குளோட்ரிமசோலை நான் நிறுத்தி, வட்டம் திரும்பியிருந்த சமயத்தில். ஊரிலிருந்து வந்த மைத்துனர் பையில் இருந்தது. "மச்சான், இதைப் போடுங்கள், இரண்டே நாளில் போய்விடும்" என்றார். உண்மையில் இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. மகிழ்ந்து பத்து நாள் பூசினேன். சிவப்பு வெளுத்தது. ஆனால் வட்டத்தின் ஓரம் கலைந்து, எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாமல் இடுப்பு மடிப்புவரை மங்கலாகப் பரவியிருந்தது. அப்போதுதான் டியூபைத் திருப்பி, விளக்கடியில் பொடி எழுத்தைப் படித்தேன். பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, அவற்றோடு குளோபெட்டசால். ஸ்டீராய்டுகளில் மிகக் கடுமையான வகையைச் சேர்ந்தது அது.

ஸ்டீராய்டு பூஞ்சையைத் தொடுவதில்லை. பூஞ்சையை எதிர்க்கும் நம் உடம்பின் கையைத்தான் கட்டிப்போடுகிறது. சிவப்பும் அரிப்பும் அந்த எதிர்ப்பின் அடையாளங்கள். அவை அடங்கியதும் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம், அடியில் பூஞ்சை தடையில்லாமல் படர்கிறது. வடிவமே மாறிவிடுவதால் மருத்துவருக்குக்கூடப் பார்த்தவுடன் படர்தாமரை என்று சொல்வது கடினமாகிவிடுகிறது. நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்புகிறது என்று மறுபடி பூசுகிறார்கள். தொடையிடுக்குத் தோல் மெல்லியது. மருந்தை அதிகமாக உறிஞ்சும். மாதக்கணக்கில் பூசியவர்களுக்கு அங்கே தோல் மெலிந்து, பிள்ளை பெற்றவர்களின் வயிற்றில் இருப்பதைப்போல் வரிகள் விழுந்துவிடுகின்றன. அவை முழுதாக மறைவதில்லை. 2018இல் இந்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரிலும் இவ்வளவு கடுமையான ஸ்டீராய்டுகளுக்குச் சீட்டு வேண்டும். ஆனால் உறவினர் பைகளில் வருவதைச் சட்டத்தால் எளிதில் தடுக்க முடிவதில்லை. பெயர் ‘சோல்’ என்று முடிந்தாலே பூஞ்சைக்கான மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். குளோபெட்டசாலும் அப்படித்தான் காதில் விழுகிறது. பெட்டியில் ‘பீட்டா’, ‘குளோபெட்டா’ என்று தொடங்கும் பெயர் இருந்தால், மருத்துவர் உங்களைப் பார்த்துக் கொடுத்ததாக இல்லாதவரை, அதைப் படர்தாமரையில் பூசாதீர்கள்.

இந்தக் கட்டத்தில்தான் நான் மருத்துவரிடம் போனேன். அவர் ஒரு மழுங்கிய கத்தியால் ஓரத்தைச் சுரண்டி, பொருக்கைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வலிக்கவில்லை. பூஞ்சைதான் என்று முடிவு வந்த பிறகே டெர்பினாஃபைனைத் தொடங்கச் சொன்னார்.

குளோட்ரிமசோலுக்கும் எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. அம்மாவுக்கு நீரிழிவு. வயிற்று மடிப்பில் ஈரமாகச் சிவந்து, சுற்றிலும் சிறு சிறு புள்ளிகளாக ஒரு புண் வந்தது. என் டெர்பினாஃபைனையே கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். நல்லவேளை, அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போயிருந்தபோது கேட்டுக்கொண்டேன். அது கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சை. அதன்மேல் டெர்பினாஃபைனின் வீரியம் குறைவு, குளோட்ரிமசோல் நன்றாகக் கேட்கும் என்றார்கள். முதுகிலும் மார்பிலும் வரும் தேமலுக்கும் குளோட்ரிமசோல் குடும்பத்து மருந்துகள்தாம் வழக்கம். பரப்பு பெரிது என்பதால் கீட்டோகோனசோல் ஷாம்பூவைப் பூசிச் சில நிமிடம் வைத்துக் கழுவச் சொல்வார்கள். ஆக, எந்தப் பூஞ்சை என்று தெரியாத நிலையில் அகலமாக வேலை செய்வது குளோட்ரிமசோல்தான். அதே குடும்பத்து மைக்கோனசோலும் நல்லது. ஆனால் இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் அதை மருந்தாளரிடம் சொல்லாமல் வாங்கக் கூடாது. தோலில் பூசினாலும் வார்ஃபரினின் வேலை கூடிவிட வாய்ப்பிருக்கிறது.

அம்மா மட்டும் இரண்டு டியூபையும் பார்த்துவிட்டு, "சீமை அகத்தி இலையை அரைத்துப் போட்டால் போகாததா?" என்று கேட்டார். மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்று சொல்லிப் படர்தாமரைக்குத் தேய்ப்பதும் அதே இலைதான். பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு என்பது உண்மை. ஆனால் எத்தனை இலை, எத்தனை நாள் என்று அளந்து சொல்ல ஆளில்லாத மருந்தை, நீரிழிவு உள்ளவரின் வெடித்த தோலில் பூச எனக்கு மனம் வரவில்லை.

என் அனுபவம் இவ்வளவுதான்: தொடையும் விரலிடுக்கும் அம்மாவின் மடிப்பும். குழந்தைகளுக்கோ கர்ப்பிணிகளுக்கோ எதையும் பூசிப் பார்த்தவனில்லை. அவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். தலையில் முடி உதிர்ந்து வரும் படர்தாமரைக்கும், தடித்து மஞ்சளான நகத்துக்கும் பெரும்பாலும் களிம்பு போதாது, மாத்திரை தேவைப்படும். நீரிழிவுக்காரரின் கால் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே போய்விட வேண்டும். விரலிடுக்கு வெடிப்பு வழியாகப் பாக்டீரியா உள்ளே போயிருக்கலாம். இரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் மாற்றமில்லையென்றாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சென்ற மாதம் வேலையிடத்தில் ஒரு தம்பி சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினான். இரண்டு மூன்று வட்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. "அண்ணே, நீங்கள் போட்டது எந்த டியூப்?" என்றான். பெயரைச் சொல்ல வாய் எடுத்தேன். ஊருக்குப் போய் வந்த பிறகு தொடங்கியதாகவும், அங்கேயே மூன்று களிம்புகள் மாற்றிவிட்டதாகவும் அவனே சொன்னான். இந்தியாவில் சில ஆண்டுகளாகப் பரவிவரும் டிரைக்கோஃபைட்டன் இந்தோடினியே என்ற வகை, டெர்பினாஃபைன் எந்தப் படியை அடைக்கிறதோ அந்தப் படியையே மாற்றிக்கொண்டு தப்பிக்கப் பழகியது. 2023இல் நியூயார்க்கில்கூட இரண்டு பேரிடம் அதைக் கண்டுபிடித்தார்கள். என் டியூப் அவனுக்கு வேலை செய்யாமல் போகலாம். இன்னும் ஒரு மாதம் வீணாகலாம். அதனால் பெயரைச் சொல்லவில்லை. பழைய டியூப்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி, மறுநாள் மாலை அவனோடு நானும் மருத்துவரிடம் போனேன்.