ஆறு மாதம் பயன்படுத்திய கூட்டு நுண்ணோக்கி

ஆறு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் இந்த நுண்ணோக்கியில் 4, 10, 40, 100 மடங்கு பெரிதாக்கும் நான்கு பொருளருகு வில்லைகள் உள்ளன. கண்ணருகு வில்லை 10 மடங்கு என்பதால், 40 மடங்கு வில்லையைத் திருப்பினால் மொத்தம் 400 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கிறது.

என்னை மிகவும் கவர்ந்தது, மேடைக்கு அடியிலுள்ள ஒளிக்குவிப்பானும், ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அதன் ஐரிஸ் திரையும்தான். வெங்காயத்தின் உள்தோலை நீரில் விரித்து முதலில் பார்த்தபோது, ஒளி மிகுதியால் செல்சுவர்கள் வெளிறிப்போய்க் கண்ணுக்கே புலப்படவில்லை. திரையைச் சற்று மூடியதும் செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் வரிசையாகத் தெளிந்தன, ஒரு துளி அயோடின் விட்ட பிறகு உட்கருக்களும் பழுப்புப் புள்ளிகளாகத் துலங்கின. அந்தக் கணத்துக்காகவே இக்கருவியை வாங்கலாம் என்பேன்.

நுண்சரிசெய் திருகு மிகச் சீராக இயங்குகிறது. மேடையை விரைவாக ஏற்றி இறக்கும் பெருந்திருகோ மூன்றாம் மாதத்திலேயே தளர்ந்து, மேடை தானாகக் கீழிறங்கத் தொடங்கியது. இறுக்க வளையத்தைத் திருகிச் சரிசெய்தேன்.

100 மடங்கு வில்லைக்கும் பொருளின்மேல் வைக்கும் மூடுகண்ணாடிக்கும் இடையே, கண்ணாடியை ஒத்த ஒளிவிலகல் எண் கொண்ட எண்ணெய் ஒரு துளி இட வேண்டும். இல்லையேல் சாய்வாக வரும் கதிர்கள் காற்றில் விலகி, வில்லைக்குள் நுழையாமலே போய்விடும். அந்த எண்ணெயைப் பெட்டியில் வைக்காதது பெருங்குறை. அதற்குப் பதிலாகத் தந்துள்ள 25 மடங்கு கண்ணருகு வில்லையால் பயனில்லை: நெருங்கிய இரு புள்ளிகளை ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் எல்லை ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டர் என்பதால், 2500 மடங்கில் பிம்பம் பெரிதாகுமே தவிரப் புதிதாக எதுவும் தெரியாது.