நியூயார்க், மும்பை, இல்லை தெரிந்த கேலரியா? ஓர் அரூப ஓவியத்தை விற்கும் வழிகள்

பெரியப்பா 1970களில் சென்னையை ஒட்டிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாங்கிய கேன்வாஸ் ஒன்று எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. காவியும் கரும்பச்சையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த அரூப ஓவியம். மரமோ முகமோ எதுவும் அதில் கிடையாது. பெரியப்பா போன பிறகு, பெரியம்மாவின் வைத்தியச் செலவுக்கு அதை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகன் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்துக்கே அனுப்பலாம் என்றார். தம்பி மும்பை நிறுவனங்களின் ஆன்லைன் ஏலத்தைச் சொன்னான். பெரியம்மாவுக்கு ஏலம் என்ற சொல்லே பிடிக்கவில்லை. நகைக்கடன் கட்டாதவர்கள் வீட்டுச் சாமானை ஏலம் விடுவதுதான் அவருக்கு நினைவுக்கு வருகிறது. தெரிந்த கேலரிக்காரர் ஒருவரிடம் கொடுத்தால் போதும் என்றார்.

ஆறு மாதமாக மூன்று வழிகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெளிவான ஒன்று: ஏலத்துக்கு இரண்டு பேர் வேண்டும், கேலரிக்கு ஒருவர் போதும். ஒரே ஓவியத்தை இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் கேட்டால்தான் ஏலத்தில் விலை ஏறும். ஒருவர் மட்டும் கேட்டால் அடிமட்ட விலையிலேயே "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்" முடிந்துவிடும். ஆக, நம் ஓவியருக்காக அந்த இரண்டு பேர் எந்த ஊரில் காத்திருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

இதற்கு ஓவியர் வி.எஸ். கைத்தொண்டேயைவிட நல்ல பாடம் கிடையாது. அரூபம் என்ற சொல்லைக்கூட அவர் ஏற்கவில்லை, தன் ஓவியம் பொருள்சாராதது என்றார். ரோலரும் கத்தியும் கொண்டு வண்ணத்தை ஏற்றி, வழித்து, மறுபடி ஏற்றுவார். வருடத்துக்கு ஒரு சில ஓவியம்தான். 2001-ல் இறந்தார். 2013 டிசம்பரில் கிறிஸ்டீஸ் மும்பையில் நடத்திய முதல் ஏலத்தில் அவருடைய ஓவியம் ஒன்று 23.7 கோடி ரூபாய்க்குப் போனது. அடுத்த வருடம் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக்கண்காட்சி வைத்தது. 2015-ல் மறுபடி மும்பையில் அவருடைய இன்னொரு ஓவியம் 29.3 கோடி. வேறு ஓவியங்கள் 2021-ல் மும்பை ஏல நிறுவனமான சாஃப்ரன்ஆர்ட்டில் 39.98 கோடி, 2022-ல் இன்னொரு மும்பை நிறுவனமான புண்டோலேயில் 42 கோடி, 2025 செப்டம்பரில் டெல்லியில் சாஃப்ரன்ஆர்ட் நடத்திய ஏலத்தில் 67.08 கோடி.

இந்த வரிசையில் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். மதிப்பை உலகுக்குச் சொன்னதில் நியூயார்க் அருங்காட்சியகத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் சுத்தியல் விழுந்தது ஒவ்வொரு தடவையும் இந்தியாவில். பணத்தோடு காத்திருந்தவர்கள் இங்கே இருந்தார்கள்.

இதை அத்தை மகனிடம் சொன்னபோது உடனே ஹுசைனைக் காட்டினார். 2025 மார்ச்சில் எம்.எஃப். ஹுசைனின் 1954-ம் வருட ஓவியம் ஒன்று நியூயார்க் கிறிஸ்டீஸில் சுமார் 1.38 கோடி டாலருக்கு, அதாவது 118 கோடி ரூபாய் அளவுக்குப் போனது. உண்மைதான். ஆனால் அது பல பத்தாண்டுகள் நார்வேயில், ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்த ஓவியம். கைமாறிய வரலாறு கண்ணாடி மாதிரி தெளிவு, ஓவியம் ஏற்கெனவே வெளிநாட்டில். அந்த அளவு பெயரும் பின்கதையும் இருந்தால் நியூயார்க்குக்குப் போகலாம், நானே பெட்டி கட்டித் தருவேன்.

நம் ஓவியத்துக்கு நியூயார்க் எப்படி? சட்டம் பெரிய தடையில்லை. 1972-ன் தொல்பொருள் சட்டத்தின் கீழ் கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்ட ரவி வர்மா, அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய் உள்ளிட்ட ஒன்பது பேரின் படைப்புகளைத்தான் நாட்டுக்கு வெளியே விற்க முடியாது. சென்னை அரூப ஓவியர் யாரும் அதில் இல்லை, தொல்பொருள் ஆவதற்கான நூறு வருடமும் நம் ஓவியத்துக்கு ஆகவில்லை. செலவுதான் இடிக்கிறது. மரப்பெட்டி, விமானச் சரக்கு, காப்பீடு, விற்காமல் போனால் திரும்பி வரும் செலவு, அதற்கான சுங்கத் தாள்கள். வாங்குபவர் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலத்தில் முடிந்த விலைக்கு மேல் கால் பங்குக்கும் சற்றுக் கூடுதலாகக் கமிஷன் கட்ட வேண்டும், அதை மனதில் வைத்துத்தான் அவர் கை தூக்குவார். கோடிகளில் போகும் ஓவியத்துக்கு இதெல்லாம் தூசு. சில லட்சம் மதிப்புள்ளதற்கு அப்படியில்லை.

மும்பை ஏலங்களை நான் நேரடியாகவே பல இரவு பார்த்திருக்கிறேன், திரையில்தான். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளுக்கும், முடியும் நேரம் போட்டிருக்கும். கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் சில நிமிடம் நீளும், இன்னொருவர் கேட்டால் மறுபடி நீளும். ஒரு சின்ன காகித ஓவியம் இப்படியே முக்கால் மணி நேரம் இழுத்ததைப் பார்த்தேன். பெயர் தெரியாத இரண்டு பேர், ஒவ்வொரு தடவையும் கடைசி நொடிகளில். இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை போகலாம் என்று நிறுவனம் முன்பே போடும் மதிப்பீட்டில் குறைந்த தொகைதான் கீழ் மதிப்பீடு; அதைப்போல மூன்று மடங்கில் முடிந்தது. அடுத்த லாட்டும் சென்னைக்காரர் ஒருவருடையதுதான். பெரிய கேன்வாஸ், எனக்கு மிகவும் பிடித்தது, ஒருவரும் தொடவில்லை. மதிப்பீட்டைக் கூட்டி வைத்திருந்தார்கள்.

ஏலத்தின் பெரிய ஆபத்து இதுதான். விற்காத லாட் எல்லோர் கண்ணிலும் படும். அடுத்த சில வருடம் அதே ஓவியத்தை எங்கே கொண்டுபோனாலும் "அன்னிக்கு விலை போகலையே" என்பார்கள். ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்காதே என்று நாம் ரகசியமாகச் சொல்லும் தொகை, கீழ் மதிப்பீட்டைத் தாண்டக்கூடாது என்பது பெரிய நிறுவனங்களின் வழக்கம். அதனால் மதிப்பீட்டை ஆசைக்கு ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்த மதிப்பீடு நான்கு பேரை உள்ளே இழுக்கும், கூடிய மதிப்பீடு இருந்த இருவரையும் விரட்டும்.

கேலரியில் இந்தப் பயம் இல்லை. ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் வெளியே தெரியாது, அடுத்தவருக்குக் காட்டுவார்கள். இன்று வரைந்துகொண்டிருக்கும் இளம் ஓவியருக்கு நான் கேலரியைத்தான் சொல்வேன். பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் 2008 செப்டம்பரில் கேலரிகளை ஒதுக்கிவிட்டுத் தன் புதுப் படைப்புகளை நேராக லண்டன் சோத்பீஸ் ஏல நிறுவனத்தில் ஏலம் விட்டார். இரண்டே நாளில் 11 கோடி பவுண்டுக்கு மேல். ஏலம் தொடங்கிய அன்றுதான் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அதன் பின் ஏலங்களில் அவர் விலை சரிந்தது. ஹர்ஸ்டால் அதைத் தாங்க முடிந்தது. முப்பது வயதில், சோழமண்டலம் இருக்கும் ஈஞ்சம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்து வரைபவரால் முடியாது.

சரி, கையில் என்ன வரும்? சுத்தியல் விலை 10 லட்சம் என்று வைப்போம். 20 சதவீத பிரீமியத்தோடு (வாங்குபவர் கட்டும் கமிஷன்) வாங்குபவர் 12 லட்சமும் வரியும் கட்டுவார் (ஓவியத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல விஷயம்). பேப்பரில் 12 லட்சம் என்று வரும். விற்பவர் கமிஷன் 10 சதவீதம் என்று பேசியிருந்தால் நமக்கு 9 லட்சம். அதே 12 லட்சத்துக்குக் கேலரி விற்று 20 சதவீதம் எடுத்தால் 9.6 லட்சம், 40 எடுத்தால் 7.2. கேலரிகள் சில சமயம் பாதிக்குப் பாதிகூடக் கேட்கும், அதனால் எழுத்தில் வாங்காமல் ஓவியத்தைக் கொடுக்கவே கூடாது. அந்த 12 லட்சம் சரியான விலைதானா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஏலத்தில் அது ஊரறிந்த விலை.

இந்தக் கணக்கில் ஓவியரின் குடும்பம் எங்கே என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் படைத்தவருக்கோ வாரிசுக்கோ 10 சதவீதத்துக்கு மிகாத பங்கு உண்டு என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு சொல்கிறது. அது ஓவியர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. சோழமண்டலத்தை 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் தொடங்கியபோது, பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள், மீதி நேரத்தில் வரைந்தார்கள். அந்த உழைப்பில் வந்த கேன்வாஸ் இன்று லட்சத்துக்குப் போகும்போது, யாரும் கேட்காவிட்டாலும் அந்த வீட்டுக்கு ஒரு பங்கு போக வேண்டும். எங்கள் வீட்டில் இதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம்.

எந்த வழியானாலும் முதலில் கேன்வாஸைத் திருப்பிப் பாருங்கள். எங்களுடையதைத் திருப்பியபோது மேல் சட்டத்தில் பாதி கிழிந்த கண்காட்சி லேபிள், கீழே பென்சிலில் வருடம், மூலையில் கடற்கரை ஈரத்தில் பூத்த பூஞ்சை. பெரியப்பாவின் டைரியில் ரசீதும் இருந்தது. ஏல நிறுவனத்தார் ஓவியத்தின் முகத்தைவிட அந்த முதுகைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள். அரூப ஓவியத்தைப் போலி செய்வது சுலபம் என்று பலர் நினைப்பதால், அந்த ரசீதுதான் எங்கள் பலம். பூஞ்சையை நாமே துடைக்கக் கூடாது, பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நாங்கள் மும்பைக்குத்தான் முடிவு செய்திருக்கிறோம். எங்கள் ஓவியர் காலமாகிவிட்டார், கடந்த ஏலங்களில் அவர் ஓவியம் ஐந்தாறு விற்றிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேருக்குக் குறையாமல் கேட்டிருக்கிறார்கள். ஒரு தடவைகூட ஏலத்துக்கு வராத பெயராக இருந்திருந்தால் பெரியம்மா சொன்ன கேலரிக்குத்தான் போயிருப்பேன். கீழ் மதிப்பீட்டை 4 லட்சத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறோம். அவ்வளவு கம்மியாகப் போடுவதில் பெரியம்மாவுக்கு இன்னும் சம்மதமில்லை.