யேலின் ‘தி சயின்ஸ் ஆஃப் வெல்-பீயிங்’: சரக்கு வீட்டுப்பாடத்தில்தான் இருக்கிறது

மகிழ்ச்சியைக் கூட்டும் பழக்கங்களைச் சொல்லித்தரும் இந்த கோர்ஸை, கோர்செரா என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் லாரி சாண்டோஸ் நடத்துகிறார். இதன் வீடியோக்களை மட்டும் மடமடவென்று ஓட்டிப் பார்த்தவர்கள், “நல்லாத்தான் சொல்றாங்க, ஆனா ஒண்ணும் மாறலையே” என்று அலுத்துக்கொள்வதில் வியப்பில்லை. தெரிந்துகொண்டால் மட்டும் பழக்கம் மாறாது என்பதைத்தான் சாண்டோஸ் முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

குரங்குகளின் அறிவாற்றலை ஆராய்ந்தவர் அவர். 2016இல் யேலின் சில்லிமன் விடுதிக் கல்லூரிக்குத் தலைவராகி மாணவர்களோடே குடியிருந்தபோது, அவர்களின் மன அழுத்தம் கண்ணில் பட்டது. 2018 தொடக்கத்தில் அவர் ஆரம்பித்த வகுப்பில் ஏறத்தாழ 1,200 பேர், அதாவது இளநிலை மாணவர்களில் கால்வாசிப் பேர் சேர்ந்தார்கள். அதன் பொதுப் பதிப்புதான் இது. அவர் வீட்டு ஹாலில் சில மாணவர்களை உட்காரவைத்துப் படம்பிடித்திருப்பதால் மேடைப் பேச்சுத் தோரணை இல்லை. உதாரணங்கள்தான் மதிப்பெண், முதல் சம்பளம் என்று அமெரிக்கக் கல்லூரி வளாகத்தையே சுற்றிவருகின்றன.

முதல் பாதி, எது மகிழ்ச்சி தரும் என்ற நம் கணிப்பு ஏன் தப்புகிறது என்பதைப் பற்றியது; எதற்கும் மனசு சீக்கிரம் பழகிவிடுவது ஒரு காரணம். பிறகு பயிற்சிகள். கடைசி நான்கு வாரம், ஒரு பயிற்சியைத் தேர்ந்தெடுத்து நாமே செய்ய வேண்டும். தொடக்கத்தில் வரும் மகிழ்ச்சிக் கணக்கெடுப்பைத் தாவிவிடாதீர்கள். அந்த மதிப்பெண்ணை எங்காவது குறித்துவைத்தால்தான் முடிவில் ஒப்பிட முடியும்.

நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை எழுதிவைக்கும் பயிற்சி எளிதாகத் தெரியும்: இரவில் ஐந்து முதல் பத்து நிமிடம், ஐந்து விஷயங்கள். சில நாளிலேயே “குடும்பம், உடல்நலம், வேலை” என்று ஒரே பட்டியல் திரும்பத் திரும்ப வரும்; மனசு அதற்குப் பழகிவிடும். முதல் பாதியில் படித்த அதே சிக்கல், இப்போது நம் நோட்டுக்குள்! “கரண்ட் போனப்ப பக்கத்து வீட்டு அக்கா எமர்ஜென்சி லைட் கொண்டுவந்து குடுத்தாங்க” என்ற அளவுக்குக் குறிப்பாக எழுதினால்தான் அது நிற்கும்.

எனக்கு இதில் மிகவும் பயனுள்ளதாகப் படுவது, உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கனின் ‘வூப்’ (WOOP) முறை. விருப்பம், விளைவு, தடை, திட்டம் என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்; மொத்தம் நான்கு படி. பலர் சறுக்குவது மூன்றாவதில். தடை என்ற இடத்தில் “நேரமில்லை” என்று வெளிக்காரணத்தை எழுதினால் நான்காவது படிக்குப் பிடிமானமே கிடைக்காது. “படுத்ததும் கை போனைத் தேடுது” என்று உள்ளே இருக்கும் தடையை எழுதுங்கள். அப்போது திட்டம் தானாக வரும்: பல் துலக்கியதும் போன் ஹாலில் சார்ஜுக்குப் போகும், படுக்கையறைக்கு வராது. ஏழு மணி நேரத் தூக்கம் என்ற பயிற்சிக்கு இது ஒன்றே பாதி வேலை.

ஆனால் திட்டத்தை ஒருமுறை எழுதிவிட்டால் போதாது. 247 ஆன்லைன் கோர்ஸ்களில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. திட்டம் எழுதியதன் பலன் முதல் சில வாரங்களில் கொஞ்சம் தெரிந்தது, கோர்ஸை முடிப்பது வரை நீடிக்கவில்லை. அதனால் நான்கு வாரக் கட்டம் தொடங்கும் அன்று புதிதாக எழுதுங்கள். ஆள் நழுவுவதே அங்கேதான்: புது வீடியோ இல்லை, கேட்பவரும் இல்லை. தினமும் “செஞ்சாச்சா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்க ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பலன் உண்டா? 2021இல் பிளாஸ் ஒன் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு, இதே யேலின் உளவியல் அறிமுக கோர்ஸோடு இதை ஒப்பிட்டது. இதைப் படித்தவர்களின் நல்வாழ்வு மதிப்பெண் கூடுதலாக உயர்ந்தது. ஆனால் சேர்ந்தவர்கள் தாங்களே விரும்பிச் சேர்ந்தவர்கள், சாண்டோஸும் ஆய்வாளர்களில் ஒருவர். அதற்கேற்பக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழசாகிப்போனது பணம் பற்றிய பகுதி. ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் அன்றாட மகிழ்ச்சி கூடாது என்ற 2010 ஆய்வை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதை எழுதியவர்களில் ஒருவரான டேனியல் கானமனே 2023இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தோடு சேர்ந்து அதைத் திருத்தினார்: பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறுகிறது, மிகவும் மகிழ்ச்சி குறைந்த பிரிவினருக்குத்தான் ஓர் அளவோடு நின்றுவிடுகிறது.

இன்னொரு குறை, வேலைச்சுமை பற்றிப் பேச்சே குறைவு. சாண்டோஸே 2022இல் பர்ன்-அவுட், அதாவது வேலைக் களைப்பு என்று சொல்லி விடுப்பு எடுத்தார். ‘ஊழியர் நலம்’ என்று இந்த லிங்கை அனுப்பிவிட்டு, ராத்திரி பத்து மணி மீட்டிங்கைத் தொடாமல் விடும் ஹெச்.ஆர். பிரிவுகள் இதைக் கவனிக்கலாம்.

சான்றிதழுக்குப் பணம் கட்டுவது என் கணக்கில் வீண். வேலைக்கு எடுப்பவர் யாரும் இதைக் கேட்கப்போவதில்லை. தீவிர மனச்சோர்வு இருப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருந்தால், பதின்பருவத்தினருக்காக சாண்டோஸே தனியாக ஒரு பதிப்பு நடத்துகிறார். அவர்களை அதில் சேர்த்துவிடுங்கள்.