எஃப்.எம்.எஸ். செட்: கபடிக் குழுவுக்கு வாங்கலாமா?

பட்டுக்கோட்டைப் பக்கம் கபடிக் குழு நடத்தும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, அந்த எஃப்.எம்.எஸ். செட் வாங்கலாமா? யாருக்கு அடிபடும்னு முன்கூட்டியே சொல்லிடுமாமே?" எஃப்.எம்.எஸ். என்றால் ஃபங்ஷனல் மூவ்மென்ட் ஸ்கிரீன்; பலகை, கம்பு வைத்து உடம்பு எப்படி அசைகிறது என்று பார்க்கும் சோதனை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் பையன்களுக்கு அதைச் சில சீசன்களாகச் செய்து வருகிறேன். ஏழு அசைவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21 என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என் கோபமெல்லாம் 14 என்ற எண் மேல்தான். 2007ல் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை வீரர்கள் 46 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 14 அல்லது அதற்குக் கீழே எடுத்தவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு அதிகம் என்றார்கள். அந்த எண்ணைத்தான் அப்புறம் ரக்பி, ராணுவம் என்று எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்டார்கள். கூட்டிப் பாருங்கள். ஏழிலும் 2 எடுப்பவனுக்கு 14. கொஞ்சம் தடுமாறினாலும் எல்லா அசைவையும் வலியில்லாமல் முடிக்கிறவன் அவன். அவனை ஆபத்துப் பட்டியலில் போட வேண்டுமாம். இன்னொருவன் ஐந்தில் 3, இரண்டில் 1, ஆக 17. பலகை மேல் ஒரு காலை முன்னே வைத்து முட்டியை மடக்கி இறங்கும் 'லஞ்ச்' அசைவில் முட்டி உள்ளே சரிந்து, பலகையை விட்டே இறங்கிவிடுகிறான். அவன் தேறிவிட்டானாம். எந்த அசைவில் குறை என்பதுதானே நமக்கு வேண்டியது? கூட்டினால் அதுதான் காணாமல் போகிறது.

ஸ்குவாட்டையும் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே கம்பைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தூக்காமல் அடிவரை உட்கார வேண்டும். சின்ன வயதிலிருந்து வரப்பிலும் திண்ணையோரத்திலும் குத்தவைத்துப் பழகிய எங்கள் பையன்களுக்கு அது விளையாட்டு மாதிரி. ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்றிய இரண்டு பேருக்குத்தான் குதிகாலுக்கடியில் பலகை வைக்க வேண்டியிருந்தது. ரோட்டரி டெஸ்ட் நேர் எதிர். கையும் முட்டியும் ஊன்றி நின்று, ஒரே பக்கத்துக் கையையும் காலையும் நீட்டி, முழங்கையால் முட்டியைத் தொட்டு 3 வாங்கியவன் எங்கள் குழுவில் ஒருவன்கூட இல்லை.

மாசி மாதத்து மின்னொளிப் போட்டி ஒன்றில் எங்கள் கார்னர் ஆட்டக்காரனுக்கு ஏ.சி.எல். என்ற முட்டித் தசைநார் கிழிந்துவிட்டது. 16 எடுத்தவன். அன்று ராத்திரி மூன்றாவது ஆட்டம். ரெய்டரின் கணுக்காலைப் பிடித்துவிட்டான். டேஷ் அடிக்க, அதாவது ரெய்டரை மோதித் தள்ள வந்த எங்கள் இன்னோர் ஆளே பக்கவாட்டில் கார்னர்காரன் முட்டி மேல் விழுந்தான். சாயங்காலம், களைப்பில்லாத உடம்பில், கம்பைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் செய்யும் சோதனைக்கு இது எப்படித் தெரியும்? ரக்பியிலும் காயங்களில் ஏறக்குறைய பாதி, எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளில்தான் வருகிறது. நார்வேயின் விளையாட்டு மருத்துவர் ரோல்ட் பார் இந்த மாதிரிச் சோதனைகளைப் பற்றி 2016லேயே எழுதிவிட்டார்: அடிபட்டவர்களின் மதிப்பெண்ணும் படாதவர்களின் மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன, எங்கே கோடு கிழித்தாலும் பிரியாது என்று. 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும், காயத்தை முன்னறிவிக்க இந்த மொத்த மதிப்பெண்ணை நம்ப ஆதாரம் போதாது என்றுதான் சொன்னார்கள்.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். அதில் இருக்கும் பூஜ்யம் இருக்கிறதே, அதற்கு விலையே கிடையாது. அசைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் வலித்தால் 0. எங்கள் பையன்கள் வலியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பொங்கல் ஆட்டத்தில் இடம் போய்விடுமோ என்ற பயம். ஆனால் வரிசையில் நிற்கவைத்து, தாளில் அதற்கென்று கட்டம் போட்டு, ஒவ்வொருவனிடமும் கேட்கும்போது சொல்லிவிடுகிறார்கள். எங்கள் முதல் ரெய்டர் உள்ளங்கையை எதிர்த் தோளில் வைத்து முழங்கையை மெல்லத் தூக்கினான். பாதியில் உதட்டைக் கடித்தான். "வலிக்குதாடா?" "லேசா சார்." அந்த லேசான வலியோடு மாதக்கணக்கில் ஆடியிருக்கிறான். தஞ்சாவூரில் பிசியோவிடம் காட்டி, அந்த சீசன் பாதியை உட்காரவைத்தோம். இன்று முழுத் தெம்போடு ஆடுகிறான். எந்த மதிப்பெண்ணும் செய்யாத வேலையை அந்த ஒரு கேள்வி செய்தது.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு நான் சொன்னது: வாங்காதீங்க. கார்னர் பையன் இன்னும் ஊன்றுகோலில்தான் நடக்கிறான், இன்றைக்கு என் வாயில் வேறு பதில் வராது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல பிசியோவைக் களத்துக்கே கூட்டி வாருங்கள். போன சீசனில் யாருக்கு எங்கே அடி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; பழைய காயம் இருப்பவனுக்குத்தான் மறுபடி அடிபட வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் பள்ளி ரக்பி அணிகளுக்குச் சமநிலை, கழுத்து பலம், இறங்கும் முறை எல்லாம் சேர்த்து ஒரு வார்ம்-அப் கொடுத்துப் பார்த்தார்கள். வாரம் மூன்று முறையாவது விடாமல் செய்த அணிகளில் போட்டிக் காயம் 72 சதவீதம் குறைந்ததாக 2017ல் வெளியிட்டார்கள். அதற்குப் பலகையும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

வரும் தைக்கு முன்னால் எங்கள் பையன்களை நான் மறுபடியும் வரிசையில் நிறுத்தத்தான் போகிறேன். கூட்டல் கட்டத்தை மட்டும் தாளிலிருந்து எடுத்துவிட்டேன்.