கதிரைக்கு விலை பார்த்துத் தருகிறோம் என்றவர்களிடம் 48,500 ரூபா போனது

நேற்றிரவு அந்த வட்ஸ்அப் எண் என்னை பிளொக் பண்ணிவிட்டது. போனது 48,500 ரூபா. திருகோணமலையில் பழைய வீடுகளில் இந்த மாதிரிச் சாமான்கள் இன்னும் கிடக்கின்றன, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அப்பப்பா டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது, ஒரு அதிகாரி வீட்டிலிருந்து அவர் கைக்கு வந்தது இந்த வளைமரக் கதிரை. அப்பாவுக்குப் பிறகு இப்போது என்னிடம் இருக்கிறது. கனடாவிலிருந்து அக்கா, "அதின்ரை பெறுமதியைப் பார், பிறகு பங்கு கதைப்பம்" என்றா. நியாயம்தானே.

பழம்பொருள்களுக்கு மதிப்பீட்டுச் சான்றிதழ் தருவதாக விளம்பரம் போடும் ஒரு ஒன்லைன் தளம். முறைப்பாடு கொடுக்கப்போவதால் பெயர் போடவில்லை. எடுத்தவுடன் ஒரு பெண்பிள்ளை நல்ல தமிழில் கதைத்தா. "அண்ணா, ஒண்டும் பூசித் துடைச்சுப்போடாதேங்கோ, பழைய மெருகு போனால் விலையும் போயிடும்." விஷயம் தெரிந்த பேச்சு. கதிரையைக் கவிழ்த்து, இருக்கை வளையத்தின் உட்பக்கம் டோர்ச் அடித்துப் பார்க்கச் சொன்னா. ஒட்டறை, உப்புக்காற்றில் துருப்பிடித்த திருகாணி, பக்கத்தில் நகமளவு மஞ்சள் கடதாசி. அதில் தோனெட் என்ற பெயரின், இந்த வளைமரக் கதிரைகளுக்குப் பேர்போன பழைய கம்பனி அது, கடைசி மூன்று ஆங்கில எழுத்து. "கண்டுபிடிச்சிட்டீங்கள் அண்ணா!" என்று அவ துள்ளிய துள்ளல் இருக்கிறதே, என் மனைவிகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை. அந்தக் குரலை நம்பித்தான் 18,500 அனுப்பினேன். பிறகு, ஏலத்திலும் பதிந்தால் சான்றிதழோடு சேர்த்தே அனுப்பலாம் என்று இன்னொரு 30,000.

சான்றிதழ் வந்தது. பெறுமதி 12 இலட்சமாம். தயாரிப்பு ஆண்டு 1859 என்று போட்டிருக்கிறார்கள். அது மைக்கேல் தோனெட் வியன்னாவில் இந்த மாதிரியை, 14ஆம் இலக்கக் கதிரை என்று, முதன்முதலில் கொண்டுவந்த ஆண்டு. அதற்குப் பிறகு எத்தனையோ பத்தாண்டுகள் அதையே செய்து விற்றார்கள், 1930க்குள் 5 கோடியளவில். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் 36 கதிரை போகும், கப்பலில் உலகமெல்லாம் போனது அப்படித்தான். 1869இல் தோனெட்டின் காப்புரிமை முடிந்ததும் கோன் போன்ற மற்றக் கம்பனிகளும் அதே வடிவத்தைச் செய்தன, ஆகவே வடிவத்தை மட்டும் வைத்து விலை சொல்லவே முடியாது. இதெல்லாம் நானே சும்மா தேடி வாசித்தது. 48,500 வாங்கிய நிபுணருக்குத் தெரியவில்லை! மரம் தேக்கு என்று எழுதியிருக்கிறார், நீராவியில் வளைத்தது பீச் மரம். அதைவிடப் பகிடி, "மூலப் பிரம்பு இருக்கை". அப்பா பச்சை நைலோன் நாரில் பின்னுவித்த இருக்கை அது, நான் அனுப்பிய எல்லாப் படத்திலும் பளிச்சென்று தெரிகிறது. படத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

கேட்டேன். நிபுணர் வெளிநாட்டில் என்றார்கள். அப்புறம் கணினிப் பிழை, திருத்தி அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு ஒரு ஆண் குரல், கொஞ்சம் அதட்டலாக: "மதிப்பீடு எண்டது அபிப்பிராயம் மிஸ்டர், அபிப்பிராயத்துக்குக் காசு திருப்பித் தர ஏலாது." ஏலத்துக்கு வாங்கிய 30,000 எங்கே என்றதற்குப் பதிலே இல்லை. நீலச் சரி மட்டும் விழுந்தது, பிறகு அதுவும் இல்லை.

எப்படிப் பெறுமதி பார்ப்பது என்று விளக்கமாக எழுதத்தான் இருந்தேன், வங்கிக்கு ஓடவேண்டும். அவசரத்துக்கு இவ்வளவுதான்: விளம்பரத்தில் கேட்கிற விலையை நம்பாதீர்கள், ஏலத்தில் விற்று முடிந்த விலையைப் பாருங்கள். விலை சொல்பவரே விற்றும் தருகிறேன் என்றால் விலகுங்கள். அடியில் இருக்கும் கடதாசியைச் சுரண்ட வேண்டாம். தனியாள் வங்கிக் கணக்குக்கு, எனக்கு அதைத்தான் தந்தார்கள், ஒரு சதமும் போடாதீர்கள்.

இதே ஆட்களிடம் காசு கொடுத்தவர்கள் திருகோணமலையில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். பொலிசுக்குச் சேர்ந்தே போகலாம்.